கொன்றது ஓட்டைதானா?

கண்ணாடித் தகட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஓர் ஈ.கோலை பாக்டீரியா. நீளம் சில மைக்ரான். நுண்ணோக்கிக்குக் கீழே அது நிதானமாக நீண்டு வளர்ந்துகொண்டிருக்கிறது. எல்எல்-37 என்ற பெப்டைடு கலந்த நீரை அதன்மேல் ஓடவிடுகிறார்கள். பெப்டைடில் ஒளிரும் சாயம் கட்டியிருப்பதால் அது போகும் வழி கண்ணுக்குத் தெரிகிறது. முதலில் பாக்டீரியாவின் வெளிச்சவ்வைச் சுற்றிப் படிகிறது. படிந்து நிறைந்த பிறகு உள்ளே நுழைகிறது. செல் இரண்டாகப் பிரியத் தயாராகிக்கொண்டிருந்தால் அந்த இடுப்புப் பகுதி வழியாக நுழையும். இல்லையென்றால் ஒரு முனை வழியாக. வெளிச்சவ்வைத் தாண்டிய அந்த நேரத்திலேயே வளர்ச்சி நின்றுவிடுகிறது. உட்சவ்வு ஓட்டையாவது அதற்கும் பிறகுதான்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வைஸ்ஹார் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இது. எல்எல்-37 அயல் பொருள் இல்லை. நம் வெள்ளணுக்களும் தோலும் சுரப்பது. 37 அமினோ அமிலங்கள் கொண்ட சின்னஞ்சிறு சங்கிலி. இதைப் போன்ற நுண்ணுயிர் எதிர்ப்புப் பெப்டைடுகளைப் பற்றிப் பாடப்புத்தகங்கள் ஒரே மூச்சில் சொல்லிவிடும்: பெப்டைடு பாக்டீரியாவின் சவ்வில் ஓட்டை போடுகிறது, பாக்டீரியா சாகிறது. ஓட்டை விழுவது உண்மை. சாவதும் உண்மை. இரண்டுக்கும் நடுவே சொல்லப்படாமல் ஓர் 'அதனால்' உட்கார்ந்திருக்கிறது. நாற்பது ஆண்டு ஆய்வை வைத்து எடைபோட வேண்டியது அந்த 'அதனால்' ஒன்றைத்தான்.

கதை எங்கே தொடங்கியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஸ்வீடனில் ஹன்ஸ் போமன், செக்ரோப்பியா என்ற பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுக்களில் பாக்டீரியாவை ஊசியால் ஏற்றி, அவை எப்படித் தப்பிக்கின்றன என்று தேடினார். 1981இல் செக்ரோப்பின் என்ற பெப்டைடுகள் கிடைத்தன. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லாஃப் ஆப்பிரிக்க நகத்தவளைகளின் சினைமுட்டைகளை எடுத்து வேறு ஏதோ ஆராய்ந்துகொண்டிருந்தார். வயிற்றைக் கீறி, முட்டையை எடுத்து, தைத்து, கலங்கிய தொட்டித் தண்ணீரிலேயே தவளையைத் திரும்ப விடுவது வழக்கம். காயம் சீழ் பிடிக்கவில்லை. வழக்கமான வேலையை நிறுத்திவிட்டு அவர் இதைத் துருவினார். 1987இல் தவளைத் தோலிலிருந்து மெகய்னின் கிடைத்தது. கேடயத்தைக் குறிக்கும் எபிரேயச் சொல்லிலிருந்து வைத்த பெயர். பெயரிலேயே ஒரு வாக்குறுதி இருந்தது. அந்த வாக்குறுதியைக் கடைசியில் பார்ப்போம்.

இந்தப் பெப்டைடுகளுக்குப் பொதுவான குணம் இரண்டு. ஒன்று, நேர்மின்னூட்டம்: லைசின், ஆர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் நிறைய இருக்கும். இரண்டு, ஒரு பக்கம் நீரை விரும்பும், மறுபக்கம் எண்ணெயை விரும்பும். தண்ணீரில் தளர்ந்து கிடக்கும் சங்கிலி, சவ்வைத் தொட்டவுடன் திருகுச் சுருளாகச் சுருண்டுகொள்கிறது. சுருண்டதும் நீர் விரும்பும் அமினோ அமிலங்கள் ஒரு பக்கமும் கொழுப்பு விரும்பும் அமினோ அமிலங்கள் மறுபக்கமுமாக ஒதுங்கிவிடும். கம்பியின் ஒரு பாதிக்கு மட்டும் எண்ணெய் தடவியதுபோல.

எதிரே நிற்கும் பாக்டீரியாவின் சவ்வில் பாஸ்ஃபாடிடைல் கிளிசரால், கார்டியோலிப்பின் போன்ற எதிர்மின் கொழுப்புகள் உண்டு. ஈ.கோலை வகையறாவுக்கு வெளியே இன்னொரு சவ்வும் இருக்கிறது. அதன் மேல்தளம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடு என்ற எதிர்மின் மூலக்கூறு. மெக்னீசியம், கால்சியம் அயனிகள் அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவைத்திருக்கும். பெப்டைடு வந்து அந்த அயனிகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொள்கிறது. நம் செல்களின் வெளித்தளத்தில் மின்னூட்டம் சமன்பட்ட கொழுப்புகளே அதிகம். கூடவே சவ்வை இறுக்கிப்பிடிக்க கொலஸ்ட்ரால். அதனால் பெப்டைடு பாக்டீரியாவைத் தேடிப்போகிறது, நம்மை விட்டுவிடுகிறது. இந்த விளக்கத்தில் எனக்குச் சண்டை இல்லை. தேனீ விஷத்தில் இருக்கும் மெலிட்டின் நம் சிவப்பணுவையும் சேர்த்து உடைத்துவிடும் என்பதால், இந்தப் பாகுபாடு எல்லாப் பெப்டைடுகளுக்கும் வாய்க்கவில்லை என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

சவ்வுதான் இலக்கு என்பதற்கு இருக்கும் சாட்சிகளில் மிக வலுவானது 1990இல் வந்தது. எளிமையான, அழகான சோதனை. உயிர்களின் புரதங்கள் எல்லாமே இடக்கை அமினோ அமிலங்களால் ஆனவை. என்சைமோ ஏற்பியோ ஒரு பெப்டைடைப் பிடிக்கிறதென்றால், அந்தக் கை வேறுபாட்டைப் பார்த்துத்தான் பிடிக்கும். வலக்கால் செருப்பில் இடக்கால் நுழைந்தாலும் நடக்க முடியாதே. பெப்டைடுகளைத் தொகுத்துச் செய்யும் முறைக்காக 1984இல் நோபல் பரிசு பெற்ற புரூஸ் மெரிஃபீல்டும் போமனும் சேர்ந்து, செக்ரோப்பின், மெகய்னின், மெலிட்டின் ஆகியவற்றின் கண்ணாடிப் பிம்பங்களை முழுக்க வலக்கை அமினோ அமிலங்களால் செய்தார்கள். பாக்டீரியாக்கள் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே மாதிரிச் செத்தன. பூட்டுக்குப் பொருந்தும் சாவி எதுவும் வேலை செய்யவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது. கை பார்க்காத ஏதோ ஒன்றில் வேலை நடக்கிறது. கொழுப்புப் படலம் அதற்குப் பொருத்தமான இடம்.

ஆனால் இந்தச் சோதனை எதைச் சொல்லவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இன்னதென்று ஒரு புரதத்தோடு கைகுலுக்கத் தேவையில்லை என்கிறது, அவ்வளவே. ஓட்டை விழுந்தது என்றோ, ஓட்டையால் செத்தது என்றோ சொல்லவில்லை. நேர்மின் பெப்டைடு செல்லுக்குள் போய் டிஎன்ஏ, ஆர்என்ஏ போன்ற எதிர்மின் பொருள்கள்மேல் வெறும் மின்கவர்ச்சியால் ஒட்டிக்கொண்டாலும் கை வேறுபாடு பெரிதாகத் தெரியப்போவதில்லை. ஏற்பி என்ற சந்தேக நபரைத்தான் இந்தச் சாட்சி விடுவிக்கிறது. சவ்வைக் குற்றவாளியென்று கை காட்டவில்லை.

அடுத்த சாட்சி செயற்கைக் கொழுப்புக் குமிழ்கள். ஆய்வகத்தில் இரண்டு மூன்று வகைக் கொழுப்பை எடுத்துக் குமிழாக்கி, உள்ளே சாயத்தை நிரப்பி, பெப்டைடைச் சேர்த்தால் சாயம் கசிகிறது. நூற்றுக்கணக்கான ஆய்வுக் கட்டுரைகள் இந்த ஒரு சோதனையின் தோளில் உட்கார்ந்திருக்கின்றன. இதுபோன்ற செயற்கைக் கொழுப்புப் படலங்களிலிருந்துதான் பாடப்புத்தகத்தின் மூன்று படங்களும் பிறந்தன. பீப்பாயின் பலகைகள்போல பெப்டைடுகள் வட்டமாக நின்று துளை அமைப்பது முதல் படம். கொழுப்புத் தலைகளும் பெப்டைடுகளோடு சேர்ந்து வளைந்து துளையின் சுவராவது இரண்டாவது. ஜமக்காளம்போல மேற்பரப்பு முழுக்கப் பெப்டைடு விரிந்து, ஒரு அளவைத் தாண்டியதும் சோப்பு அழுக்கைப் பிரிப்பதுபோலச் சவ்வைத் துண்டாக்குவது மூன்றாவது.

மாணவர்களுக்கு இந்தப் படங்கள் மிகவும் பிடிக்கும். மூன்றும் ஒரே பக்கத்தில், ஒரே அளவில், பளிச்சென்ற நிறங்களில் இருப்பதால் மூன்றுக்கும் சம அளவு ஆதாரம் இருப்பதாகவும் நம்பிவிடுவார்கள். நிலவரம் அப்படியில்லை. பீப்பாய்த் துளைக்கு உறுதியான எடுத்துக்காட்டு என்று சொல்லத்தக்கது அலமெத்திசின் என்ற பூஞ்சைப் பெப்டைடுதான். ஏஐபி என்ற அபூர்வ அமினோ அமிலம் நிறைந்த இந்தக் குடும்பத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பி. பலராம் நெடுங்காலம் ஆராய்ந்தார். அலமெத்திசினில் மின்னூட்டமும் மிகக் குறைவு. ஆக, நேர்மின் பெப்டைடுகளைப் பற்றிய பாடத்தின் முதல் படமே அந்தக் குணம் இல்லாத ஒன்றுக்குப் பொருந்துகிற படம். மெகய்னினுக்கு இரண்டாவது படம் பொருந்துவதாக, 1996இல் ஜப்பானில் கட்சுமி மட்சுசாகியும் அமெரிக்காவில் ஹ்யூய் ஹுவாங் குழுவும் தனித்தனியே காட்டினார்கள். அது நல்ல வேலை. ஆனால் ஹுவாங் பார்த்தது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கொழுப்புத் தாள்களில்; பெப்டைடின் செறிவு ஒரு எல்லையைத் தாண்டிய பிறகு.

குமிழ்ச் சோதனையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்த்தால் இன்னொரு சங்கடம் தெரியும். ஒரு குமிழில் நிலையான துளை விழுந்திருந்தால் உள்ளே இருக்கும் சாயம் தீரும்வரை கசிந்துகொண்டே இருக்க வேண்டும். குடத்தில் ஓட்டை விழுந்தால் பாதித் தண்ணீரோடு ஒழுகுவது நிற்குமா? பல பெப்டைடுகளில் அப்படித்தான் நிற்கிறது. சேர்த்த சில நிமிடங்களுக்குள் ஒரு வேகமான கசிவு, பிறகு மெதுவாகி, உள்ளே சாயம் மிச்சமிருக்கும்போதே ஓய்ந்துவிடும். அமெரிக்க உயிர்வேதியியலாளர் வில்லியம் விம்லி இதைத் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டியிருக்கிறார். குமிழின் வெளித்தளத்தில் மட்டும் பெப்டைடு வந்து குவியும்போது ஏற்படும் நெருக்கடியில் படலம் ஒரு கணம் நிலைகுலைகிறது. பெப்டைடு இரு பக்கமும் பரவிச் சமன் ஆனதும் தானே மூடிக்கொள்கிறது. இப்படிப் பார்த்தால் 'துளை' என்ற சொல்லே நம்மைத் தவறான இடத்துக்கு இழுத்துச்செல்கிறது. துளை என்றால் விளிம்பும் வடிவமும் வேண்டும். இங்கே நடப்பது படகில் எல்லாரும் ஒரே பக்கம் வந்து நிற்பதைப் போன்றது.

குமிழில் இல்லாதவற்றின் பட்டியலும் நீளம். செல்சுவர் இல்லை, லிப்போபாலிசாக்கரைடு இல்லை, சவ்வுக்குக் குறுக்கே மின்னழுத்தம் இல்லை, புரதங்கள் இல்லை, உடைந்ததைச் சீர்செய்ய உயிர் இல்லை. குமிழில் கசிகிறது என்பதால் பாக்டீரியா அதனால்தான் சாகிறது என்று முடிவுகட்டுவது பெரிய தாவல். உயிருள்ள பாக்டீரியாவில் செய்யும் சாயச் சோதனைக்கும் ஒரு பலவீனம் உண்டு. சவ்வு சிதைந்தால் மட்டும் உள்ளே போய் ஒளிரும் சாயத்தைச் சேர்த்துவிட்டு, அரைமணி நேரம் கழித்துப் பார்க்கிறார்கள். எல்லாம் ஒளிர்கின்றன. வேறு எந்தக் காரணத்தால் செத்திருந்தாலும் அதற்குள் சவ்வு கெட்டுப்போகத்தான் போகிறது. நேரவரிசையைப் பார்க்காத எந்தச் சாயச் சோதனையையும் நான் அரைச் சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்வேன்.

இனி எண்ணிக்கை. கிருமி எதிர்ப்புச் சோதனைகளில் வழக்கமாக ஒரு மில்லிலிட்டரில் 5 லட்சம் பாக்டீரியாக்கள் இருக்கும். பெப்டைடின் செறிவு ஒரு மைக்ரோமோலார் என்று வைத்துக்கொண்டால், அதே மில்லிலிட்டரில் சுமார் 6 கோடி கோடி பெப்டைடுகள் இருக்கும். ஒரு பாக்டீரியாவுக்கு ஏறத்தாழ 120 கோடி பெப்டைடுகள் பங்கு விழும். ஒரு ஈ.கோலையின் இரண்டு சவ்வுகளிலும் சேர்ந்து இருக்கும் கொழுப்பு மூலக்கூறுகளே சுமார் 2 கோடிதான். பென்சிலின் ஒரு குறிப்பிட்ட என்சைமைக் குறிவைத்து அடைப்பதோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். குறிபார்த்துச் சுடுகிற வேலை இங்கே நடக்கவில்லை. கூட்டம் கூடி நெரிக்கிற வேலை நடக்கிறது.

இவற்றில் எத்தனை உண்மையில் ஒட்டிக்கொள்கின்றன? ரோமில் லோரென்சோ ஸ்டெல்லா குழு பிஎம்ஏபி-23 என்ற பன்றிப் பெப்டைடின் ஒரு மாற்றுவடிவை வைத்து அதை நேரடியாக அளந்து 2014இல் வெளியிட்டது. பாக்டீரியா சாகும்போது ஒவ்வொரு செல்லிலும் 10 லட்சம் முதல் 1 கோடி வரை பெப்டைடுகள் ஒட்டியிருந்தன. சவ்வு முழுக்க நிறைந்த பிறகே சாவு நிகழ்கிறது, ஆகவே ஜமக்காளப் படம் உண்மைப் பாக்டீரியாவுக்கும் பொருந்துகிறது என்பது அவர்கள் முடிவு. கொல்லும் சோதனையையும் ஒட்டும் அளவையும் ஒரே நிலைமையில் எடுத்தது இந்தத் துறையில் அபூர்வம்; அந்த நேர்மைக்காகவே இந்த ஆய்வுக்கு நான் கூடுதல் எடை கொடுக்கிறேன். ஆனாலும் அதே எண்ணை மறுபக்கத்திலிருந்து பார்க்கலாம். குமிழ்கள் சிதைவதற்கு ஐம்பது கொழுப்புக்கு ஒரு பெப்டைடு போன்ற விகிதமே பல நேரம் போதும். அந்தக் கணக்குப்படி ஈ.கோலைக்கு நாலைந்து லட்சம் போதுமானது. 1 கோடி என்றால் இரண்டு கொழுப்புக்கு ஒரு பெப்டைடு. அத்தனையும் சவ்வில்தான் உட்கார்ந்திருக்கின்றனவா? எத்தனை ஒட்டின என்று எண்ணிக்கை சொல்லும். எங்கே ஒட்டின என்று சொல்லாது. வைஸ்ஹார் குழுவே பின்னாளில் 2019இல், எல்எல்-37 சவ்வைக் கடந்து செல்லின் உள்ளே வெள்ளமாகப் புகுந்து, உள்ளிருக்கும் டிஎன்ஏவும் ரைபோசோம்களும் அசைய முடியாதபடி உறையச் செய்வதைக் காட்டியது. இங்கே சவ்வு உடைவது கொலை இல்லை, கதவை உடைப்பது. கொலை உள்ளறையில் நடக்கிறது.

சவ்வு விதிக்குப் புறம்பான பெப்டைடுகளும் இருக்கின்றன, அதுவும் கணிசமாக. தேனீயிலும் பசுவிலும் கிடைக்கும் புரோலின் நிறைந்த பெப்டைடுகளைக் கண்ணாடிப் பிம்பமாகச் செய்தால் அவற்றின் வீரியம் போய்விடுகிறது. 1990இன் சோதனை இங்கே தலைகீழாகிறது. இவை எஸ்பிஎம்ஏ என்ற கடத்துபுரதம் வழியாக, சவ்வை உடைக்காமலேயே உள்ளே போய், ரைபோசோமில் புரதம் வெளிவரும் பாதையை அடைத்துக்கொள்கின்றன. ஆசியத் தேரையின் இரைப்பையிலிருந்து கிடைத்த பியூஃபோரின் சவ்வைக் கிழிக்காமல் கடந்து டிஎன்ஏவில் ஒட்டுகிறது. கூட்டத்தோடு கூட்டமாக இவையும் 'சவ்வைத் துளைப்பவை' என்ற தலைப்பின்கீழ் ஒரு காலத்தில் பட்டியலிடப்பட்டன என்பதே அந்தத் தலைப்பின் தளர்ச்சிக்குச் சாட்சி.

இன்னும் சுவையான வகை, சவ்விலேயே வேலை செய்துகொண்டு, ஆனால் குறிப்பிட்ட ஒரு மூலக்கூறைத் தேடுபவை. பாலாடைக்கட்டி கெடாமலிருக்கச் சேர்க்கும் நைசின் அப்படி. செல்சுவர் கட்டும் செங்கல்லைச் சவ்வுக்கு வெளியே தூக்கிக்கொண்டு வரும் லிப்பிடு-2 என்ற மூலக்கூறைப் பிடித்துக்கொண்டு, அதையே தூணாக வைத்துத் துளை அமைக்கிறது. அதனால்தான் மெகய்னினைவிட மிகக் குறைந்த அளவில் அது கொல்கிறது. இங்கே உண்மையிலேயே துளை உண்டு, இலக்கும் உண்டு. பிளெக்டாசின் என்ற பூஞ்சைப் பெப்டைடு அதே லிப்பிடு-2ஐப் பிடிக்கும்; துளையே போடாது.

2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டாப்டோமைசின் என்ற மருந்தும் பாதி இந்தக் கதைதான். அதை நிமோனியாவுக்குக் கொடுத்துப் பார்த்தபோது தோற்றது. நுரையீரலின் காற்றறைகளைப் பூசியிருக்கும் வழுவழுப்பான சர்ஃபாக்டன்டில் பாஸ்ஃபாடிடைல் கிளிசரால் ஏராளம். மருந்து பாக்டீரியாவைத் தேடிப்போகாமல் அங்கேயே ஒட்டிக்கொண்டுவிட்டது. சவ்வுக் கொழுப்பே அதன் நாட்டம் என்பதற்கு மனித நுரையீரல் கொடுத்த சாட்சியம் இது. சோதனைக்குழாயில் இவ்வளவு தெளிவாக ஒன்று கிடைத்திருக்காது. அது கொழுப்பில் ஒட்டிய பிறகு என்ன செய்கிறது என்பதில்தான் சண்டை: அயனிகளைக் கசியவிட்டுக் கொல்கிறது என்பது பழைய பாடம், செல்சுவர் கட்டும் இடத்தில் கொழுப்போடும் லிப்பிடு-2ஓடும் சேர்ந்து ஒரு முக்கூட்டு அமைத்துக் கட்டுமானத்தை நிறுத்துகிறது என்பது 2020இல் வந்த ஜெர்மானிய ஆய்வு. எனக்குப் பின்னதே வலுவாகப் படுகிறது, ஏனென்றால் மருந்து செல் பிரியும் இடுப்பில்தான் முதலில் குவிகிறது. சவ்வு முழுக்க ஒரே சீராக இல்லை.

கடைசிப் புகலிடமாக மருத்துவமனைகளில் கொடுக்கப்படும் கொலிஸ்டினும் பெப்டைடுதான். வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடைப் பிடித்துக் கிழிக்கிறது என்பது நெடுநாளைய விளக்கம். உட்சவ்வு எப்படிச் சிதைகிறது என்ற கேள்விக்கு, 'அங்கேயும் கொழுப்பைச் சோப்புபோலக் கரைக்கும்' என்று சும்மா சொல்லிவந்தார்கள். 2021இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு, வெளியே அனுப்பப்படுவதற்காக உட்சவ்வில் காத்திருக்கும் லிப்போபாலிசாக்கரைடுதான் அங்கேயும் இலக்கு என்று காட்டியது. சவ்வு இலக்கு என்ற பழைய பேச்சு பொய்க்கவில்லை, கூர்மையாகியிருக்கிறது. வெறும் கொழுப்புக் குமிழில் இதைக் கண்டுபிடித்திருக்க வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அந்த மூலக்கூறை வழக்கமாகக் குமிழில் போடுவதில்லை.

சவ்வுக் கோட்பாட்டின்மேல் சவாரி செய்து வந்த அந்த வாக்குறுதிக்கு வருவோம். தர்க்கம் கவர்ச்சியானது. ஒரு என்சைம் இலக்கென்றால் ஒரு மரபுமாற்றத்தில் பாக்டீரியா தப்பித்துவிடும். இலக்கு சவ்வு முழுதும் என்றால் அது எப்படித் தப்பிக்கும்? வீட்டின் கொல்லைக்கதவை மாற்றலாம், வீட்டின் சுவர் முழுவதையும் மாற்ற முடியுமா? ஆகவே பெப்டைடுகளுக்கு எதிர்ப்பு உருவாவது அரிது என்று சாஸ்லாஃப் உட்படப் பலர் எழுதினார்கள். கனடாவின் கிரஹாம் பெல் மறுத்தார். அறிவியலில் எனக்குப் பிடித்த காரியம் அடுத்து நடந்தது: வாதிட்ட இருவரும் சேர்ந்தே சோதனை செய்தார்கள். மெகய்னினிலிருந்து செதுக்கிய பெக்சிகனான் மருந்தை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே பாக்டீரியாக்களை 600, 700 தலைமுறைகள் வளர்த்தார்கள். 24 கிளைகளில் 22 எதிர்ப்புப் பெற்றுவிட்டன. 2006இல் அந்த முடிவை வெளியிட்டவர்களில் சாஸ்லாஃபும் ஒருவர்.

சுவர் முழுவதையும் மாற்றத் தேவையே இருக்கவில்லை. பூச்சை மாற்றினால் போதும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் எதிர்மின் கொழுப்பின்மேல் ஒரு லைசினை ஏற்றி மின்னூட்டத்தைத் திருப்பிவிடுகிறது. ஈ.கோலை வகையறா லிப்போபாலிசாக்கரைடின்மேல் நேர்மின் குழுக்களை ஒட்டுகிறது. இதே வேலையைச் செய்யும் எம்சிஆர்-1 என்ற மரபணு, ஒரு பாக்டீரியாவிலிருந்து இன்னொன்றுக்குத் தாவும் பிளாஸ்மிடில் ஏறி உட்கார்ந்திருப்பதைச் சீன ஆய்வாளர்கள் பண்ணைப் பன்றிகளில் கண்டு 2015 நவம்பரில் அறிவித்தார்கள். தீவனத்தில் கலந்து கலந்து ஊட்டிய கொலிஸ்டின் கற்றுக்கொடுத்த பாடம் அது. இந்தியா 2019 ஜூலையில் கால்நடை, கோழி, மீன் வளர்ப்பில் கொலிஸ்டினைத் தடைசெய்தது.

பாக்டீரியாக்கள் கண்டுபிடித்த இந்தத் தப்பும் வழிகளைச் சவ்வுக் கோட்பாட்டுக்காரர்கள் தங்கள் சாட்சியாகவே முன்வைப்பார்கள்: பார், சவ்வை மாற்றித்தானே தப்பிக்கிறது, ஆக அடி விழுவது சவ்வில்தான். இது பாதி நியாயம். வாசலில் பூட்டுப் போட்டால் திருடன் வரவில்லை என்பதால், அவன் திருடுவது வாசலில் என்று ஆகிவிடுமா? மேற்பரப்பின் மின்னூட்டம் மாறினால் பெப்டைடு ஒட்டாது; ஒட்டாவிட்டால் உள்ளே போய்க் கொல்லவும் முடியாது. சவ்வு வழி என்பதை எதிர்ப்பு உறுதிப்படுத்துகிறது. சாவு எங்கே என்பதைப் பற்றி அது வாய்திறக்கவில்லை.

மருத்துவத்தில் நிலைமை இதைவிடச் சோர்வூட்டுவது. நீரிழிவுக் கால்புண்ணுக்கான களிம்பாக பெக்சிகனான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்திடம் போய், 1999இல் அனுமதி கிடைக்காமல் திரும்பியது. இன்னொரு நிறுவனம் தூசி தட்டி எடுத்து மீண்டும் இரண்டு பெரிய சோதனைகள் நடத்தியது. 2016இல் இரண்டும் தோற்றன. இதற்காகக் கோட்பாட்டைத் தண்டிக்க முடியாது. புண்ணில் உப்பு உண்டு, சீழ் உண்டு, பெப்டைடை வெட்டித்தள்ளும் புரோட்டியேஸ் என்சைம்கள் உண்டு, ஒட்டிக்கொள்ள வேறு ஆயிரம் எதிர்மின் பரப்புகள் உண்டு. ஆனால் அமைப்புமுறை புரிந்துவிட்டது என்ற அதீத நம்பிக்கை, இந்த இடைஞ்சல்களைச் சில்லறையாக நினைக்க வைத்தது என்பது என் சந்தேகம். கூட்டம் கூடிக் கொல்லும் மருந்துக்குக் கூட்டம் கலைவதைவிடப் பெரிய ஆபத்து எது? 2018இல் வந்த ஓர் ஆய்வு அதை நேரிலேயே காட்டியது: எல்எல்-37இல் முதலில் சாகும் ஈ.கோலை செல்கள் சாகும்போது ஏராளமான பெப்டைடுகளை உறிஞ்சி வைத்துக்கொள்கின்றன. மிச்சமிருப்பவை செத்தவர்களின் புண்ணியத்தில் பிழைத்து வளர்கின்றன.

தீர்ப்புக்கு வருகிறேன். நேர்மின் சுருள் பெப்டைடுகள் பாக்டீரியாவின் சவ்வைக் கொழுப்பின் மின்னூட்டத்தால் அடையாளம் கண்டு, அங்கே குவிந்து, அதன் ஒழுங்கைக் குலைக்கின்றன என்ற கூற்று நிற்கிறது. கண்ணாடிப் பிம்பச் சோதனையும் ரோமின் எண்ணிக்கையும் அதற்கு இசைகின்றன. வரையறுத்த வடிவமுள்ள துளைகளால் அவை கொல்கின்றன என்ற கூற்று, அலமெத்திசின், நைசின் போன்ற சிலவற்றுக்கு மட்டுமே நிற்கிறது. மற்றவற்றுக்கு அது குமிழிலிருந்து பாக்டீரியாவுக்கு இரவல் வாங்கிய படம். சவ்வு உடைவதே சாவுக்குக் காரணம் என்ற கூற்று, நம் உடலின் எல்எல்-37 விஷயத்தில் நேரவரிசையோடு மோதித் தோற்கிறது. மெகய்னினுக்கும் செக்ரோப்பினுக்கும் அது இன்னும் நிரூபிக்கப்படாத, ஆனால் நியாயமான கருதுகோள். எதிர்ப்பு வராது என்ற கூற்று செல்லாது. அதைச் சொன்னவரே செல்லாது என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அடுத்து வரும் ஆய்வுக் கட்டுரையில் சாயம் கசிந்த வரைபடத்தைப் பார்த்தால், பக்கத்திலேயே இன்னொரு வளைகோடு இருக்கிறதா என்று தேடுவேன்: அதே செல்லின் நீளம், நிமிடத்துக்கு நிமிடம்.